சுவிட்ச் மாத்தப் போறியா, முதல்ல இன்வெர்ட்டரைப் பாரு

ஹால் டியூப்லைட் சுவிட்சை ரெண்டு மூணு தடவை தட்டினாத்தான் எரியுது, அழுத்தும்போது உள்ளே ‘சர்ர்’னு ஒரு சத்தம் வருதுன்னு சொன்னே. எலக்ட்ரீஷியன் “நாளைக்கு வர்றேன்க்கா”ன்னு சொல்லிட்டு ஆளையே காணோம்னும் சொன்னே. அவரைக் குத்தம் சொல்ல முடியாதுடி. ஒரேயொரு சுவிட்சுக்காக வண்டியை எடுத்துக்கிட்டு வந்தா அவருக்கு என்ன கட்டுப்படியாகும்?

அந்த வேலையை நீயே பண்ணலாம். சட்டத்துலயே இடம் இருக்கு. வயரிங் வேலையை லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர்தான் செய்யணும்னு சொன்ன 1956-ம் வருஷத்து இந்திய மின்சார விதிகள், அதே 45-வது விதியில பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாத்துறதுக்கு விலக்கு கொடுத்திருந்துச்சு. 2010-ல மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த பாதுகாப்பு விதிகள்லயும் அந்த விலக்கு இருந்துச்சு. ஆனா இருந்ததைக் கழட்டிட்டு அதே மாதிரி ஒண்ணை வைக்கிறதோட நிறுத்திக்கணும். புது பாயிண்ட் இழுக்கிறது, லைட் சுவிட்ச்லேர்ந்து கீசருக்கு லைன் எடுக்கிறதெல்லாம் அதுல சேராது.

ஸ்க்ரூவைக் கழட்டி மாட்டுறதெல்லாம் கொஞ்ச நேர வேலை. அந்தப் போர்டுல கரண்ட் இல்லைன்னு உறுதி பண்றதுக்குத்தான் நேரம் செலவழிக்கணும். நான் எழுதுறதுலயும் நிறைய அதைப் பத்தித்தான்.

மெயினை இறக்கினா மட்டும் போதாது

மெயினை இறக்கிட்டா வீட்ல கரண்ட் கிடையாதுங்கிறது அப்பா காலத்துக் கணக்கு. 2012 வாக்குல நாள்ல பாதி நேரம் கரண்ட் இல்லாம தமிழ்நாடே தவிச்சப்போ ஊரெல்லாம் இன்வெர்ட்டர் வாங்கி மாட்டினாங்க. இப்ப மின்வெட்டு குறைஞ்சாலும் அந்தப் பெட்டி மாடிப்படிக்கு அடியில உக்காந்துதான் இருக்கு. நீ மெயினை இறக்கின அடுத்த நொடி, கரண்ட் போயிடுச்சுன்னு அது முடிவு கட்டி, பேட்டரியிலேர்ந்து அதே 230 வோல்ட்டை லைட், ஃபேன் லைனுக்கு அனுப்ப ஆரம்பிச்சுடும். நீ கை வைக்கப் போறதும் லைட் சுவிட்ச்லதானே!

அதனால வரிசையா செய். முதல்ல மெயினை இறக்கு. இப்ப எந்த ஃபேன் சுத்துது, எந்த லைட் எரியுதுன்னு வீட்டைச் சுத்திப் பாரு. அதெல்லாம் இன்வெர்ட்டர் லைன். அடுத்து இன்வெர்ட்டர் முன்னாடி இருக்கிற பட்டனை அழுத்தி நிறுத்து. எல்லாம் அணைஞ்சதும், இன்வெர்ட்டரோட பிளக்கையும் சுவத்து சாக்கெட்லேர்ந்து உருவிடு. அந்தப் பட்டன் பேட்டரியைத்தான் நிறுத்தும். மெயினை யாராவது தெரியாம ஏத்திட்டா, பிளக் சொருகியிருந்தா ஈ.பி. கரண்ட் இன்வெர்ட்டர் வழியா நேரா போர்டுக்கு வந்துடும். மெயினை இறக்காம பட்டனை மட்டும் அணைச்சுட்டு வேலை பார்க்கிறவங்களும் இருக்காங்க. அது இன்னும் மோசம்.

அபார்ட்மென்ட்டா இருந்தா ஜெனரேட்டர் லைன் தனியா உள்ளே வருதான்னு செக்ரட்டரிகிட்டயோ பிளம்பிங், கரண்ட் வேலை பார்க்கிற தம்பிகிட்டயோ கேட்டுக்கோ. அதுக்குத் தனி எம்.சி.பி. இருக்கும், அதையும் இறக்கணும்.

இறக்கினதை யாரும் திருப்பி ஏத்தாம பார்த்துக்கிறது அடுத்த வேலை. பழைய வீடுன்னா பீங்கான் ஃபியூஸ் கட்டையை உருவி உன் கையிலயே வச்சுக்கோ. மெயின் இறங்கின பிறகு உருவு, அதுக்கு முன்னாடி வேண்டாம். எம்.சி.பி.ன்னா மேல செலோ டேப்பை ஒட்டி, “வேலை நடக்குது, கை வைக்காதீங்க”ன்னு பெரிய எழுத்துல எழுதி வை. மீட்டர் ரூம் கீழ் தளத்துல இருந்தா அங்கே ஒரு ஆளை நிறுத்து. ஃபேன் நின்னுடுச்சேன்னு எழுந்து போய் மெயினைத் தூக்கி விடுற மாமனார் இல்லாத வீடு எது?

இன்னொண்ணு. “மாசாந்திர பராமரிப்புன்னு பேப்பர்ல போட்டிருக்கான், சாயங்காலம் வரைக்கும் கரண்ட் வராது, அப்ப மாத்திடலாம்”னு உனக்குத் தோணும். தோணவே கூடாது. வேலை சீக்கிரம் முடிஞ்சா மத்தியானமே லைனை விட்டுடுவாங்க, உன்கிட்ட கேட்டுட்டு விடமாட்டாங்க. கரண்ட் கட் நேரத்துலயும் மெயினை இறக்கிட்டுத்தான் போர்டைத் தொடணும். உண்மையில கரண்ட் இருக்கிற நாள்தான் இந்த வேலைக்கு நல்லது. மெயின் இறங்குதா இல்லையான்னு கண்ணால பார்த்துத் தெரிஞ்சுக்க முடியும்.

டெஸ்டரையும் நம்பாதே

டெஸ்டர் சின்ன சாமான்தான், ஆனா உள்ளே இருக்கிற நியான் பல்பு செத்துப்போயிருந்தா கரண்ட் இருக்கிற இடத்துலயும் எரியாது. எரியலைன்னா கரண்ட் இல்லைன்னு நினைச்சுக்கிட்டு நீ கையை வச்சுடுவே. அதனால மெயினை இறக்குறதுக்கு முன்னாடி, நல்லா வேலை செய்யிற ஒரு சாக்கெட்ல வச்சுப் பாரு. பெரும்பாலும் வலப்பக்கத் துளையில எரியும். நுனி உள்ளே இருக்கும்போது பின்னாடி இருக்கிற மெட்டல் தொப்பியில விரல் படணும், நுனிப் பக்கத்துல இருக்கிற இரும்பைத் தொடக் கூடாது. பகல் வெளிச்சத்துல அந்த ஆரஞ்சுப் புள்ளி சரியாத் தெரியாது, இன்னொரு கையால மறைச்சுக்கிட்டுப் பாரு.

பிறகு மெயின், இன்வெர்ட்டர் ரெண்டையும் நிறுத்திட்டுப் போர்டைத் திறந்து, உள்ளே தெரியிற ஒவ்வொரு ஸ்க்ரூலயும் வச்சுப் பாரு. நீ மாத்தப்போற சுவிட்சோட ஸ்க்ரூவை மட்டும் பார்த்தா பத்தாது. ஒரே போர்டுல லைட்டும் ஃபேனும் இன்வெர்ட்டர்லயும், பக்கத்து சாக்கெட் நேரடி ஈ.பி. லைன்லயும் இருக்கிறது சகஜம். எங்கேயும் எரியலையா? டெஸ்டர் இன்னும் உயிரோட இருக்கான்னு கரண்ட் இருக்கிற இடத்துல திரும்பப் பார்க்கணும். வீடே இருட்டா இருக்கும்போது எங்கே போறதுன்னு கேப்பே. பக்கத்து வீட்டு சாக்கெட் இருக்கே, ஒரு நடை போயிட்டு வா. போலீஸ்காரன் மாதிரி சந்தேகப்படுறேன்னு நீ சிரிப்பே, பரவாயில்லை.

“எங்க வீட்ல ஆர்.சி.சி.பி. இருக்குக்கா, ஷாக் அடிக்காது”ன்னு சொல்லாதே. கரண்ட் உன் உடம்பு வழியா தரைக்குப் போனா, 30 மில்லிஆம்பியர் கசியிறதுக்குள்ள அது விழுந்துடும். அதுவரைக்கும் சரி. ஒரு கையில ஃபேஸ் (கரண்ட் வர்ற வயர்), இன்னொரு கையில நியூட்ரல் (அது திரும்பிப் போற வயர்)னு ரெண்டையும் ஒண்ணாத் தொட்டா, போன கரண்ட் அப்படியே திரும்பி வர்றதால அதுக்குக் கசிவே தெரியாது. உன்னை ஒரு பல்புன்னு நினைச்சுக்கிட்டு சும்மா இருக்கும்.

கடையில

பழைய சுவிட்சைப் போட்டோ எடுத்துக்கிட்டுப் போ. முடிஞ்சா கழட்டிக் கையிலயே கொண்டு போ, ஆனா புதுசை மாட்டி போர்டை மூடுற வரைக்கும் மெயினை ஏத்தாதே. பியானோ டைப்புன்னா பெரும்பாலும் எந்தக் கம்பெனியும் அதே ஓட்டைக்குள்ள உக்காந்துடும். மாடுலர்னா அப்படி இல்லை. ஆங்கர் ரோமா பிளேட்டுக்கு ரோமா சுவிட்சே கேளு, வேற கம்பெனி சுவிட்ச் அதுல சரியா மாட்டாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை பாரு. லைட், ஃபேனுக்கு 6 ஆம்பியர். கீசர், கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் போடுற இடத்துல 16 ஆம்பியர் இருந்தா அதே 16 வாங்கு. 2000 வாட்ஸ் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், 6 ஆம்பியர் சுவிட்ச் அதுல கருகித்தான் போகும். மாடிப்படி லைட் மாதிரி ரெண்டு இடத்துலேர்ந்து போட்டு அணைக்கிறதா இருந்தா ‘டூ வே’ன்னு கேட்டு வாங்கு.

போர்டுக்குள்ள

பகல்ல செய். கையும் தரையும் காஞ்சு இருக்கணும், கால்ல ரப்பர் செருப்பு. வளையல், மோதிரத்தைக் கழட்டி வச்சுடு, தாலிச் செயினை உள்ளே தள்ளிக்கோ, துப்பட்டாவை இடுப்புல கட்டிக்கோ. மழைக்காலத்துல அந்தச் சுவர் ஓதம் ஏறி ஈரமா இருந்தா அன்னிக்கு வேலையே வேண்டாம்.

பழைய பெட்டியில சன்மைக்கா ஷீட்டை நாலு ஓரத்துல ஸ்க்ரூ பிடிச்சிருக்கும். மெல்லக் கழட்டி ஷீட்டை முன்னாடி சாய். வெடுக்குனு இழுத்தா பல வருஷமா மடங்கியே கிடந்த வயர் பட்டுனு ஒடிஞ்சுடும். உள்ளே சிவப்பு எறும்பு குடும்பம் நடத்தலாம், பல்லி முட்டை ரெண்டு வெள்ளையா ஒட்டியிருக்கலாம். எறும்பு மருந்து ஸ்ப்ரே மட்டும் அடிச்சுடாதே, அந்த வாயு தீப்பிடிக்கும். காஞ்ச பெயிண்ட் பிரஷ்ஷால தட்டி விடு. பாதி நேரம் சுவிட்ச் மக்கர் பண்றதுக்கே அந்த எறும்புதான் காரணம். மாடுலர்னா மேல் பிளேட்டை ஓரத்துல நெம்பி எடு, உள் ஃபிரேமோட ரெண்டு ஸ்க்ரூவைக் கழட்டினா சுவிட்சைப் பின்னாடியிருந்து தள்ளி வெளியே எடுத்துடலாம்.

எதையும் கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல ரெண்டு கோணத்துல போட்டோ எடு. சாதாரண சுவிட்சுக்குப் பின்னாடி ரெண்டே ஸ்க்ரூதான். ஒண்ணுல ஃபேஸ் வரும், இன்னொண்ணுலேர்ந்து லைட்டுக்குப் போகும். ஃபேஸ் வர்ற ஸ்க்ரூக்கு அடியில ரெண்டு மூணு வயர் சேர்ந்தே இருந்தா பயப்படாதே. அடுத்த சுவிட்சுக்கு அதுலேர்ந்துதான் லூப் போகுது. அதைப் பிரிக்காம ஒண்ணாவே கழட்டி ஒண்ணாவே புதுசுல மாட்டு. அதுல ஒண்ணை விட்டுட்டாலும் பக்கத்து ஃபேன் ஓடாது. அங்கே இருக்கிற கறுப்பு வயர் கத்தையை எடுத்து, இதுவும் எங்கேயோ போகணுமேன்னு சுவிட்ச்ல சொருகிடாதே. அது நியூட்ரலா இருந்தா சுவிட்சைப் போட்டதும் ஷார்ட் ஆகும். பழைய வீட்ல கலரை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது, போட்டோவை வச்சு மட்டும் பண்ணு.

ஒரு ஸ்க்ரூலேர்ந்து கழட்டினதைப் புது சுவிட்ச்ல மாட்டிட்டுத்தான் அடுத்த ஸ்க்ரூக்குப் போகணும். டூ வே சுவிட்ச்ல மூணு ஸ்க்ரூ இருக்கும், நடுவுல இருந்த வயருக்கு ஒரு துண்டு டேப் சுத்தி அடையாளம் வச்சுக்கோ. வயரோட மேல்தோலை அரை விரற்கடைக்குக் கொஞ்சம் கூட உரிச்சா போதும். பல்லால கடிச்சு உரிக்கிற எலக்ட்ரீஷியனைப் பார்த்திருப்பே, அந்த வித்தை நமக்கு வேண்டாம், கட்டிங் பிளேயர் இருக்கு. உள்ளே இருக்கிற மெல்லிசுச் செம்புக் கம்பிகளை நல்லா முறுக்கி, ஒரு இழைகூட வெளியே நீட்டாம உள்ளே தள்ளி, ஸ்க்ரூவை இறுக்கு. இறுக்கினப்புறம் ஒவ்வொரு வயரையும் லேசா இழுத்துப் பாரு. கையோட வந்துச்சுன்னா இறுக்கம் பத்தலை. சுவிட்ச் கருகிறதுக்குப் பாதிக் காரணம் லூஸ் ஸ்க்ரூதான். லூசான இடத்துல சூடு ஏறும், சூட்டுல ஸ்க்ரூ இன்னும் லூசாகும்.

எப்ப கையை எடுக்கணும்

உரிச்ச கம்பி செம்பு நிறத்துல இல்லாம வெள்ளி மாதிரி மங்கலா, ஒத்தைக் கம்பியா இருந்தா அது அலுமினியமா இருக்க வாய்ப்பு அதிகம். வளைச்சா ஒடியும். மூடி வச்சுட்டு ஆளைக் கூப்பிடு. வயரோட தோல் உள்ளே தூரத்துக்குக் கருகி, நல்ல இடம் வரைக்கும் வெட்ட நீளம் இல்லைன்னாலும் அப்படித்தான். எல்லாத்தையும் நிறுத்தின பிறகும் டெஸ்டர் எங்கேயாவது மினுக்குனா, காரணம் தேடிக்கிட்டு நிக்காதே, உடனே மூடு. சுவிட்சை அணைச்ச பிறகும் எல்.இ.டி. பல்பு மங்கலா எரியுதுன்னா அதுக்குப் பல காரணம் உண்டு. அதுல ஒண்ணு, சுவிட்சை ஃபேஸ்ல போடாம நியூட்ரல்ல போட்டிருக்கிறது. அப்ப சுவிட்ச் ஆஃப்ல இருந்தாலும் ஹோல்டர்ல கரண்ட் இருக்கும், பல்பு மாத்தும்போது அடிக்கும். அது லைசென்ஸ் உள்ள வயர்மேன் வேலை. வீட்டுக்குள்ள இல்லாம மீட்டர்லயோ வெளி லைன்லயோ கோளாறுன்னு தோணுச்சுன்னா மின்னகம் 94987 94987-க்குப் போன் போடு, நீ தொடாதே.

யாருக்காவது ஷாக் அடிச்சா, பிடிச்சு இழுக்கப் பாயாதே, உன்னையும் சேர்த்துப் பிடிக்கும். கரண்ட்ல மாட்டினவங்களுக்கு விரல் தானா மூடிக்கும், விட நினைச்சாலும் விட முடியாது. மெயினை இறக்கு. அது தூரமா இருந்தா காஞ்ச மரக்கட்டையாலயோ பிளாஸ்டிக் நாற்காலியாலயோ தள்ளி விடு. அப்புறம் 108.

வேலை முடிஞ்சு போர்டை மூடின பிறகுதான் ஃபியூஸ் கட்டையைச் சொருகி மெயினை ஏத்தணும். ஏத்தின உடனே எம்.சி.பி. விழுந்துட்டா திரும்பத் திரும்பத் தூக்காதே. உள்ளே ஒரு இழை எங்கேயோ பட்டுக்கிட்டிருக்கு. எல்லாத்தையும் நிறுத்தி, டெஸ்டர் வச்சுப் பார்த்து, மறுபடி திற. விழலைன்னா இன்வெர்ட்டர் பிளக்கைச் சொருகி, பட்டனைப் போட்டு, லைட்டைப் போடு. கீழே தள்ளினா எரியணும். மேலே தள்ளினா எரியுதுன்னா சுவிட்ச் தலைகீழா மாட்டியிருக்கு, ஆபத்து இல்லை, ஆனா வர்றவங்களெல்லாம் குழம்புவாங்க. லைட் ஒரு மணி நேரம் எரிஞ்ச பிறகு பிளேட் மேல புறங்கையை வச்சுப் பாரு. ஒரு வாரம் கழிச்சும் வச்சுப் பாரு. வெதுவெதுப்பா இருந்தா எங்கேயோ ஒரு ஸ்க்ரூ லூசு. அன்னிக்கும் மெயின், இன்வெர்ட்டர், டெஸ்டர்னு முதல்லேர்ந்து போ.