ஒற்றைச் சிபியு கணினியில் கெர்னல் விழுந்தால் எந்த வழி?

அப்டேட் போட்டு ரீபூட் செய்தீர்கள். லினக்ஸ் பாதியில் கெர்னல் பேனிக் காட்டி நின்றுவிட்டது. பழைய பென்டியம் எம் மடிக்கணினியோ ஒரே சிபியு ஒதுக்கிய விர்ச்சுவல் மெஷினோ, முதலில் கிரப் மெனுவில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அது ஏறிவிட்டால் கெர்னல் பேக்கேஜை ஹோல்டில் போட்டு, அதாவது புதுப்பிக்கப்படாமல் நிறுத்திவைத்து, நிதானமாக யோசிக்கலாம். ஆனால் ஹோல்டில் இருக்கும்வரை கெர்னலுக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. இணையத்தில் இருக்கும் கணினிக்கு இது சில நாள் ஏற்பாடு மட்டுமே.

பூட் வரியில் எதையாவது சேர்த்துப் பார்ப்பதுதான் பலரும் உடனே செய்வது. 'நோலாபிக்' சேர்த்ததும் பூட் ஆனால், இன்டரப்ட்டுகளைக் கையாளும் ஏபிக் பகுதியில் கோளாறு என்று சந்தேகிக்கலாம். நோயைக் கண்டறிய அது நல்ல வழி, மருந்து அல்ல. 'ஏசிபிஐ=ஆஃப்' மட்டும் நிரந்தரமாக வேண்டவே வேண்டாம்: பேட்டரி அளவு தெரியாது, ஷட்டவுன் கொடுத்தாலும் பவர் அணையாமல் நிற்கலாம்.

நீங்களே கம்பைல் செய்த கெர்னல் என்றால், பல சிபியுகளுக்கான எஸ்எம்பி ஆதரவு அணைந்திருக்கிறதா பாருங்கள். ஒரே சிபியுதானே என்று அணைப்பது இயல்பு. அணைத்தால் ஸ்பின்லாக்குகள் ஏறக்குறைய மறைந்து, வேறொரு பாதையில் நிரல் ஓடும். அந்தப் பாதையைச் சோதிப்பவர்கள் குறைவு. எஸ்எம்பியை இயக்கியே கம்பைல் செய்யுங்கள் என்பேன். எக்ஸ்86 கெர்னல் ஒரு சிபியுதான் இருக்கிறது என்று கண்டால், தேவையற்ற லாக் முன்னொட்டுகளைப் பூட் ஆகும்போதே நீக்கிவிடும். வேக இழப்பு பெரிதாக இராது.

இதற்கும் மசியாவிட்டால் 'குவயட்' சொல்லை நீக்கி பூட் செய்து திரையைப் படமெடுங்கள். கடைசி பேனிக் வரியைவிட, அதற்கு மேலே முதலில் வந்த 'ஊப்ஸ்' செய்தி முக்கியம். 32 பிட் கணினியில் 'இஐபி' என்று தொடங்கும் வரி, விழுந்த ஃபங்ஷனின் பெயரையே சொல்லும். பிறகு, கோளாறைக் கொண்டுவந்த மாற்றத்தைத் தேட கிட் பைசெக்ட். இரண்டு வெளியீடுகளுக்கு நடுவே 14,000 மாற்றங்கள் இருந்தாலும், ஒவ்வொரு முறையும் பாதி கழிவதால் சுமார் 14 சோதனைகளில் குற்றவாளி சிக்கும். பழைய இயந்திரத்தில் கம்பைல் செய்து நாளைக் கழிக்காதீர்கள். வேகமான கணினியில் செய்து, கியூஎமுவில் ஒரே சிபியு கொடுத்து ஓட்டுங்கள். அங்கேயும் விழுந்தால் பாதி வேலை முடிந்தது.

கிடைத்த கமிட் எண், படம், கான்ஃபிக் கோப்பு மூன்றையும் அந்தப் பகுதியின் பராமரிப்பாளருக்கு அனுப்புங்கள். திருத்தம் முதலில் மெயின்லைனில் சேரும், பிறகு ஸ்டேபிள் கெர்னலுக்கு வரும். வந்ததும் ஹோல்டை எடுத்துவிடுங்கள்.