காவலரின் உயிர்ப் பாதுகாப்பும் பயிற்சிச் செலவும்

1959 அக்டோபர் 21 அன்று லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையினரின் தாக்குதலில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 10 பேர் உயிர்நீத்தனர். அந்நாளே ஆண்டுதோறும் காவலர் நினைவு நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. ஆயினும் பணியின்போது இறக்கும் காவலர் பெரும்பாலும் எல்லையில் இறப்பதில்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் புரட்டுவோர், அவர்களுள் விபத்தில் மடிவோரே மிகுதி என்பதைக் காண்பர். ஆகவே பாதுகாப்புப் பயிற்சி என்றவுடன் துப்பாக்கியை மட்டும் எண்ணுவது பொருந்தாது. இரவு ரோந்தில் வண்டி ஓட்டுவதும், நெடுஞ்சாலையில் வாகனத்தை நிறுத்திச் சோதிக்கும் முறையும் அதில் அடங்கும்.

எனினும் ஆயுதம் தாங்கியோரை எதிர்கொள்ளும் நிலையை ஒதுக்கிவிட இயலாது. 2020 ஜூலை 2ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, உத்தரப்பிரதேசத்தில் கான்பூரை அடுத்த பிக்ரு கிராமத்திற்குக் குற்றவாளி ஒருவனைக் கைது செய்யக் காவலர் சென்றனர். மண் அள்ளும் இயந்திரம் பாதையை மறித்து நின்றது. இறங்கி நடந்தவர்கள்மீது வீட்டு மாடிகளிலிருந்து குண்டுகள் பாய்ந்தன. துணைக் கண்காணிப்பாளர் உட்பட 8 பேர் மாண்டனர். இதனை ஆராய்ந்த நீதிபதி சௌஹான் ஆணையம் கண்டவை பயிற்சி பெறுவோர் அனைவரும் அறிய வேண்டியவை. சென்ற ஏறத்தாழ 40 பேரில் 18 பேரிடமே ஆயுதம் இருந்தது. எவரும் குண்டு துளைக்காத கவசம் அணிந்திருக்கவில்லை. எதிரியின் ஆயுத பலம் குறித்த உளவுத் தகவலும் போதவில்லை. காவலர் வரும் செய்தி காவல் நிலையத்திலிருந்தே கசிந்ததாக வழக்கும் தொடரப்பட்டது. முதல் குண்டு வெடிப்பதற்கு முன்பே தோல்வி பெருமளவு உறுதியாகிவிட்டது எனலாம். குறி பார்த்துச் சுடுவதைவிட, எங்கே, எந்நேரத்தில், எத்தனை பேருடன், எத்தகவலை நம்பிச் செல்வது என்று முடிவு செய்யும் திறனே இங்கு முதன்மையானது. அது அதிகாரிக்குரிய பயிற்சி. காவலருக்கு மட்டும் உரியதன்று.

அதே ஆண்டு ஏப்ரல் 12 அன்று பாட்டியாலா காய்கறிச் சந்தை அருகே ஊரடங்கு அனுமதிச் சீட்டைக் கேட்ட உதவி சார் ஆய்வாளரின் கை வாளால் துண்டிக்கப்பட்டது. சண்டிகர் மருத்துவர்கள் அதனை மீண்டும் பொருத்தினர். சீட்டைக் கேட்பது மிகச் சாதாரணப் பணி. ஆயினும் எத்தனை அடி தள்ளி நின்று பேசுவது, எதிரில் நிற்பவரின் கைகளை எவ்வாறு கவனிப்பது என்பவற்றை எத்தனை பள்ளிகளில் பழக்குகின்றனர்?

பாதுகாப்புப் பயிற்சி காவலரை முந்திச் சுடுவோராக ஆக்கிவிடும் என்ற அச்சம் சிலரிடம் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43ஆம் பிரிவு, கைதை எதிர்ப்போர்மீது தேவையான வழிகளைக் கையாள இடமளிக்கிறது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாத ஒருவரின் உயிரைப் போக்கும் உரிமையை அது அளிக்கவில்லை. தூரத்தையும் மறைவிடத்தையும் பயன்படுத்தக் கற்றவருக்குச் சிந்திக்கச் சிறிது நேரம் கிட்டுகிறது. பயிற்சியற்றவரே அச்சத்தால் அவசரப்படுகிறார்.

காடுகளில் இப்பாடம் பெரும் விலை கொடுத்துக் கற்கப்பட்டது. ஆந்திரப்பிரதேசம் 1989இல் கிரேஹவுண்ட்ஸ் படையை அமைத்தது. சத்தீஸ்கரின் காங்கேரில் காட்டுப்போர்ப் பயிற்சிக் கல்லூரி 2005இல் தொடங்கப்பட்டது. இருந்தும் 2010 ஏப்ரல் 6 அன்று தண்டேவாடாவில் 76 பேர் வீழ்ந்தனர். சிறந்த படை எனப் பெயர்பெற்ற கிரேஹவுண்ட்ஸ்கூட 2008 ஜூன் 29 அன்று ஒடிசாவின் பலிமேலா நீர்த்தேக்கத்தில் படகில் சென்றபோது பேரிழப்பைச் சந்தித்தது. ஒருமுறை கற்றது என்றும் காக்கும் என்பதில்லை. இடைவிடாத புத்தறிவுப் பயிற்சி தேவை.

இவ்விடத்தில்தான் பொருளாதாரம் குறுக்கிடுகிறது. காவல்துறை மாநிலப் பட்டியலில் உள்ளது. அதன் மொத்தச் செலவில் பயிற்சிக்குக் கிடைப்பது நாடளவில் 2 விழுக்காட்டிற்கும் குறைவு. பணம் மட்டுமே தடையன்று. பயிற்சிக்கு ஆளை அனுப்பும் நிலைய அதிகாரி அன்றைய பந்தோபஸ்துக்கு ஆளின்றித் தவிக்கிறார். பயிற்சியால் தவிர்க்கப்பட்ட மரணமோ எந்தக் கணக்கிலும் பதிவாவதில்லை. செலவு கண்ணுக்குத் தெரிகிறது, பயன் தெரிவதில்லை. இந்நிலையில் அவர் ஆளை அனுப்ப மறுப்பதைக் குறை கூறுவது எளிது, நியாயமன்று.

மாணவர்கள் ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 50 பேர் கொண்ட நிலையத்தில் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 10 நாள் பயிற்சி என்றால் 500 ஆள்-நாட்கள் ஆகும். ஒருவர் ஆண்டில் 250 நாள் பணியாற்றுவதாகக் கொண்டால், இஃது இரண்டு காவலரின் ஓராண்டு உழைப்பு. ஆனால் நாட்டில் அனுமதிக்கப்பட்ட காவலர் பணியிடங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு காலியாக உள்ளது. அவ்வளவில் அந்த நிலையத்தில் ஏற்கெனவே 10 பேர் இல்லை. ஆகவே புதிய பயிற்சிக் கட்டடத்திற்கு நிதி கேட்பதற்கு முன், ஒவ்வொரு நிலையத்தின் பணியிட எண்ணிக்கையிலும் பயிற்சிக்கெனத் தனி இருப்பு இடங்களைச் சேர்த்து, அவற்றிற்கான ஊதியத்தை வரவு செலவுத் திட்டத்தில் சம்பளத் தலைப்பிலேயே காட்ட வேண்டும்.