பொதுவில் வைக்கும் முன்பு

கேள்வி: எங்கள் பகுதிப் பால் சேகரிப்பு நிலையத்துக்குச் சில வருடங்களுக்கு முன் ஒரு கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். யார் எத்தனை லீற்றர் ஊற்றினார்கள், கொழுப்பு எவ்வளவு, மாதமுடிவில் யாருக்கு எவ்வளவு காசு என்பதெல்லாம் அதில் வந்துவிடும். வேறு சங்கங்களும் கேட்பதால் திறந்த மூலமாக வெளியிட விருப்பம். ஆனால் நிரல் அலங்கோலம். தெரிந்தவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். முழுவதையும் திருத்தி எழுதிவிட்டுத்தான் வெளியிட வேண்டுமா? இலவசமாகக் கொடுத்துவிட்டால் எனக்கு வருமானமே வராதா?
– வாசகர், நெடுங்கேணி

பதில்: திருத்தி எழுத உட்காராதீர்கள். உட்கார்ந்தால் இந்த மென்பொருள் வெளியே வராது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கைத் தன்னார்வலர்கள் அவசர அவசரமாக எழுதியதுதான் ‘சஹானா’ என்னும் அனர்த்த முகாமைத்துவ மென்பொருள். பின்னர் அதைப் பெரும்பாலும் புதிதாக எழுதினார்கள், உண்மைதான். ஆனால் அதற்குச் சுவீடன் நாட்டு நிதியுதவியும் ஒரு குழுவும் இருந்தன. உங்களிடம் இருப்பது வேலை முடிந்து வந்த பிறகான மாலை நேரம் மட்டும்தானே.

அலங்கோலம் யாருக்கும் கெடுதி செய்யாது. எனக்குப் பயம் அந்தக் கோப்புறையில் கிடக்கும் மற்றவர்களுடைய பொருள்களைப் பற்றித்தான்.

முதலில் பால் ஊற்றுபவர்களின் விபரம். சோதித்துப் பார்ப்பதற்கென்று உண்மையான பதிவேட்டிலிருந்து ஒரு பகுதியை எடுத்துப் போட்டிருப்பீர்கள், எல்லோரும் செய்வதுதான். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். இலக்கத்தோடு வங்கிக் கணக்கும் சேர்ந்தால் ஊரில் ஆளைக் கண்டுபிடிக்க வேறென்ன வேண்டும்? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கற்பனைப் பெயர்களோடு புதிய மாதிரித் தரவு செய்யுங்கள்.

அடுத்தது கடவுச்சொல். தரவுத்தளக் கடவுச்சொல்லையும் குறுஞ்செய்தி அனுப்பும் சேவையின் சாவியையும் நிரலுக்குள்ளேயே எழுதியிருந்தால், இன்று அழித்தாலும், நிரலின் பழைய வடிவங்களைச் சேமித்து வைக்கும் கிட் வரலாற்றில் அவை அப்படியே இருக்கும். பழைய பதிவைத் திறப்பவருக்கு அவை தெரியும். வரலாற்றைச் சுத்தம் செய்யக் கருவிகள் உண்டு. உங்கள் அளவு வேலைக்கு அவ்வளவு பாடு வேண்டாம்: பழைய களஞ்சியத்தை வெளியிடாமல் உங்களிடமே வைத்துக்கொண்டு, சுத்தமான நிரலை மட்டும் புதிய களஞ்சியத்தில் முதல் பதிவாகப் போடுங்கள். எப்படிச் செய்தாலும் கடவுச்சொற்களையும் சாவிகளையும் மாற்றியே ஆகவேண்டும். இதில் சமரசமே இல்லை.

எழுத்துருவையும் பாருங்கள். பற்றுச்சீட்டு பாமினியில் அச்சாகிறது என்றால், அந்தக் கோப்பைச் சேர்த்து விநியோகிக்க உங்களுக்கு உரிமை உண்டா? யுனிகோடுக்கு மாறி ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’ போன்ற திறந்த உரிமம் உள்ள ஒன்றைச் சேர்ப்பது நல்லது. மற்றவர்கள் எழுதிய நிரல்தொகுப்புகளின் உரிமங்களையும் ஒருமுறை வாசியுங்கள். ஜிபிஎல் உரிமத்தில் உள்ள ஒன்றை உங்கள் நிரலோடு பிணைத்து விநியோகித்தால் முழுவதையும் ஜிபிஎல்லிலேயே கொடுக்க வேண்டிவரும்.

நிரலே யாருடையது? நீங்கள் அந்தப் பால் நிலையத்தில் சம்பளத்துக்கு வேலை செய்தபோது அந்த வேலையாக எழுதியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி உரிமை வேலை கொடுத்தவருக்கே. வெளியிலிருந்து எழுதிக் கொடுத்திருந்தாலும் நிர்வாகத்திடம் ஒரு சம்மதக் கடிதம் வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சில் விடவேண்டாம், நிர்வாகம் மாறும்.

உரிமக் கோப்பு இல்லாமல் போட்டால் மற்றவர்கள் பார்க்கலாம், சட்டப்படி எடுத்துப் பாவிக்க முடியாது. யாரும் எப்படியும் பாவிக்கட்டும் என்றால் எம்ஐடி உரிமம் போதும். திருத்தி விநியோகிப்பவர்களும் மூலநிரலைத் தரவேண்டும் என்றால் ஜிபிஎல். சங்கங்களுக்கான மென்பொருளுக்கு நான் இதைத்தான் சொல்வேன். நிறுவும் முறையைத் தமிழில் எழுதி, வவுனியாப் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் யாராவது ஒருவரிடம் கொடுங்கள். உங்களிடம் ஒன்றும் கேட்காமல் அவர் அதை ஓட்டிவிட்டால் வெளியிடலாம்.

வருமானம் பற்றிக் கேட்டீர்கள். எம்ஐடியோ ஜிபிஎல்லோ நீங்கள் காசு வாங்குவதைத் தடுப்பதில்லை. நிறுவிக் கொடுக்க, பயிற்சி கொடுக்க, பிழை திருத்த ஒவ்வொரு சங்கத்திடமும் கட்டணம் வாங்கலாம். தொகையை முதலிலேயே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.