இரத்தப் புற்றுநோய் உங்கள் குடும்பத்தில் தொடர்கிறதா?

தாத்தாவுக்கு இருந்தது, அப்பாவுக்கும் வந்தது, அடுத்து நமக்கா? குடும்பத்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் இரத்தப் புற்றுநோயால் பாதிக்கப்படும்போது இப்படிக் கவலைப்படுவது இயல்பே. பெரும்பாலான இரத்தப் புற்றுநோய்கள் பரம்பரையாக வருபவை அல்ல. ஆயினும், சில குடும்பங்களில் நோய் வருவதற்கான கூடுதல் வாய்ப்பு மரபணு வழியாகத் தொடர்கிறது.

மரபணுவில் என்ன நடக்கிறது?

ரன்எக்ஸ்1 என்ற மரபணு, இரத்த அணுக்கள் முறையாக முதிர்வதற்கு உதவுகிறது. இதில் ஏற்படும் மாற்றம் சில குடும்பங்களில் இந்நோய்க்குக் காரணமாகிறது என்று 1999-ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. பெற்றோரில் ஒருவருக்கு இம்மாற்றம் இருந்தால், ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்கான வாய்ப்பு 50 விழுக்காடு. மாற்றம் உள்ள எல்லாருக்கும் புற்றுநோய் வந்துவிடுவதில்லை. அவர்களிடம் பெரும்பாலும் காணப்படுவது தட்டணுக் குறைபாடு: தோல் எளிதில் கன்றிப்போகும், மூக்கில் அடிக்கடி இரத்தம் வடியும், பல் பிடுங்கினால் இரத்தம் நிற்க நேரமாகும். உங்களுக்கு இப்படி இருந்தால் பல் மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள். மருத்துவரைக் கேட்காமல் ஆஸ்பிரின் உட்கொள்ளாதீர்கள்.

டிடிஎக்ஸ்41 மரபணு மாற்றம் வேறு விதமானது. நோய் பெரும்பாலும் 50 வயதைத் தாண்டிய பிறகே வருவதால், "வயதாகிவிட்டது, அதனால் வந்தது" என்று குடும்பத்தார் விட்டுவிடுகின்றனர்.

பெரியவர்களிடம் கேளுங்கள்

தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் யாருக்கு, எந்த வயதில், என்ன நோய் வந்தது என்று எழுதி வையுங்கள். "இரத்தம் கெட்டுப்போனது" என்று மட்டும் அந்தக் காலத்தில் சொல்லப்பட்டவற்றையும் விட்டுவிடாதீர்கள். அத்தைக்கோ பெரியம்மாவுக்கோ கூடுதல் விவரம் தெரிந்திருக்கலாம்.

பரிசோதனை

கூடுமானால், நோயுற்றவருக்கே முதலில் பரிசோதனை செய்யப்படும். அவரது இரத்தத்தில் நோயுற்ற அணுக்கள் கலந்திருப்பதால், தோலிலிருந்து சிறிதளவு எடுத்துச் சோதிப்பதுண்டு. உடன்பிறந்தவர் எலும்பு மஜ்ஜை தானம் செய்ய முன்வந்தால், அவருக்கும் அதே மாற்றம் உள்ளதா என்று முதலில் பார்ப்பது மிக முக்கியம். இல்லாவிட்டால், குணப்படுத்தக் கொடுக்கும் அணுக்களிலேயே அக்குறை இருக்கக்கூடும்.

காப்புறுதி கிடைக்காமல் போகுமோ என்று பலர் தயங்குகின்றனர். சிங்கப்பூரில் 2021-இல் நடப்புக்கு வந்த உடன்பாட்டின்படி, காப்புறுதி நிறுவனங்கள் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளும்படி உங்களை வற்புறுத்த முடியாது.

பலதுறை மருந்தக மருத்துவரை அணுகி, மரபணு ஆலோசனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். செல்லும்போது, நீங்கள் எழுதி வைத்த குடும்ப விவரத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.