கண் ஆறட்டும், முருகன் காத்திருப்பான்

கேள்வி: அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து பத்து நாள் ஆகிறது. ஆடிக் கிருத்திகைக்கு மொட்டை போட்டு, சரவணப் பொய்கையில் முழுகியே தீருவேன் என்கிறார். விடலாமா?
– வாசகி, திருத்தணி

பதில்: வேண்டாம் அம்மா. திருத்தணி மலைக்கோயிலின் 365 படிகளைவிட அந்தக் குளத்துத் தண்ணீர்தான் எனக்குப் பயம். கருவிழி ஓரத்தில் போட்ட சின்னக் கீறல் இன்னும் முழுசாக ஆறியிருக்காது. அழுக்குத் தண்ணீர் பட்டால் கிருமி உள்ளே போய்விடும். மொட்டைக்குப் பிறகு தலையில் ஊற்றும் தண்ணீரும் நேரே கண்ணுக்குத்தான் வழியும். திருநீற்றை நீங்களே விரல் நுனியால் தொட்டு வையுங்கள். அண்ணாந்து பூசும்போது தூள் இமையில் உதிரும்.

லேசான உறுத்தல், நீர் வடிதல் சில நாள் இருக்கும். ஆனால் வலி கூடினாலோ, கண் சிவந்து பார்வை குறைந்தாலோ, மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். சொட்டு மருந்தை அவர் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள்.

மாதங்கள், வருஷங்கள் கழித்துப் பார்வை மறுபடி மங்கினால், "புரை திரும்ப வளர்ந்துவிட்டது" என்று பதறுவார்கள். புரை திரும்பாது. ஆபரேஷனில் வைத்த லென்ஸுக்குப் பின்னால் உள்ள மெல்லிய சவ்வு மங்கியிருக்கலாம். யாக் லேசரில் சில நிமிஷ வேலை, கத்தி கிடையாது.

மொட்டையும் முழுக்கும் டாக்டர் சரி என்ற பிறகு, வேறொரு கிருத்திகையில்.