கூட்டாளிகளின் விசுவாசக் கடமை

கூட்டு வியாபாரத்தில் ஒருவர் முதல் போடுவதும், மற்றொருவர் நிர்வாகம் பார்ப்பதும் வழக்கம். நிர்வாகி பணத்தைக் கையாடினால் குற்றமென்பதை யாவரும் அறிவர். தெரிவிக்க வேண்டியதைத் தெரிவியாது மௌனமாயிருப்பதும் குற்றமாகும் என்பதைப் பலர் அறியார். இதனை விளக்கும் வழக்கொன்று அமெரிக்காவில் நடந்தது.

நியூயார்க் நகரில் சால்மன் என்பவர் 1902ஆம் வருஷம் பிரிஸ்டல் ஹோட்டல் கட்டடத்தை 20 வருஷக் குத்தகைக்கு எடுத்தார். அதனைக் கடைகளும் ஆபீஸுகளுமாக மாற்றுவதற்கான செலவில் பாதியை மைன்ஹார்ட் என்பவர் கொடுத்தார். நிகர லாபத்தில் முதல் 5 வருஷங்களுக்கு 100க்கு 40 பாகமும், பின்னர் சரிபாதியும் மைன்ஹார்ட்டுக்கு, நஷ்டம் இருவருக்கும் சமம், நிர்வாகம் சால்மனுடையது. 1922 ஜனவரியில், குத்தகை முடியச் சில மாதங்களேயிருக்க, அவ்விடத்தையும் அடுத்த இடங்களையும் சேர்த்துப் புதிய பெருங்குத்தகையளிக்கச் சொந்தக்காரர் முன்வந்தார். சால்மன் அதைத் தமது கம்பெனியின் பேரில் பெற்றார். கையெழுத்தாகும்வரை மைன்ஹார்ட்டிடம் ஒரு வார்த்தையும் கூறவில்லை.

1928 டிசம்பர் 31ஆம் தேதி அம்மாகாணத்து உயர்ந்த கோர்ட்டு தீர்ப்பளித்தது. பழைய குத்தகையோடு உறவும் முடிந்ததென்று 3 நீதிபதிகள் கருதினர். பிரதம நீதிபதி கார்டோஸோ உள்ளிட்ட 4 பேர் அதனை ஏற்கவில்லை. சால்மனிடம் வஞ்சக எண்ணம் இல்லாதிருக்கலாம். எனினும், நிர்வாகியாயிருந்ததனாலன்றோ அவ்வாய்ப்பு அவரை நாடி வந்தது? அதைக் கூட்டாளிக்கு அறிவித்திருக்க வேண்டுமென்பதே முடிவு. கம்பெனிப் பங்குகளில் மைன்ஹார்ட்டுக்கும் உரிமை கிடைத்தது. நிர்வாக அதிகாரம் நிலைக்கும்பொருட்டுச் சால்மனின் பாதியுடன் ஒரு பங்கு மட்டும் கூட்டப்பட்டது.

நமது நாட்டில் 1932ஆம் வருஷத்திய இந்தியக் கூட்டு வியாபாரச் சட்டமும் இந்நெறியையே கொண்டுள்ளது. கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் நேர்மையாயும் விசுவாசமாயும் நடந்து, உண்மையான கணக்கும் முழுத் தகவலும் தரவேண்டுமென்பது 9ஆம் பிரிவு. கூட்டின் சொத்து, பெயர், வியாபாரத் தொடர்பு இவற்றால் ஒருவர் தனியே அடைந்த லாபத்தை, வேறு உடன்படிக்கை இல்லாதவிடத்து, கூட்டுக்கே செலுத்தவேண்டுமென்பது 16ஆம் பிரிவு.

கூட்டுறவுச் சங்கம் இச்சட்டத்துக்குட்பட்டதன்று. அதற்குத் தனிச் சட்டம் உண்டு. ஆயினும் நெறி ஒன்றே. அங்கத்தினரின் நிலக்கடலைக்கு நல்ல விலை தருவதாக வியாபாரி ஒருவர் சங்கக் காரியதரிசியை அணுகினால், அச்செய்தி காரியதரிசியின் சொந்தச் சொத்தன்று. அதைக் கூட்டத்தில் வைத்து, நடவடிக்கைப் புத்தகத்தில் பதிவு செய்க. இருவர் சேர்ந்து செக்கு நடத்தினும் அவ்வாறே: முதலில் கூட்டாளிக்குச் சொல்லுக, பிறகு கையெழுத்திடுக.