நித்திரையும் ஞாபகமும்: பரீட்சைக்கு முந்திய இரவு



பரீட்சை நெருங்கும்போது நாம் முதலிற் குறைப்பது நித்திரையைத்தான். பகலில் பாடசாலை, பின்னேரம் வகுப்பு, மிஞ்சுவது இரவு மட்டுமே. எனவே தேநீரைக் குடித்துக்கொண்டு இரண்டு மணிவரை விழித்திருக்கிறோம்.

நானும் அவ்வாறு செய்தவன்தான். சாதாரண தர வரலாற்றுப் பரீட்சைக்கு முதல்நாள் இரவிரவாகப் படித்தேன். விடியும்போது எல்லாம் தெரிந்ததுபோல் இருந்தது. மண்டபத்தில் சோல்பரி யாப்புப் பற்றிய வினாவுக்கு, நிறைவேற்றுக் குழு முறையை ஒரு பக்கம் விளக்கி எழுதிவிட்டு வந்தேன். அம்முறை 1931ஆம் ஆண்டின் டொனமூர் யாப்புக்குரியது. பாடம் தெரியாமல் அல்ல, தெரிந்தவை ஒன்றோடொன்று கலந்துவிட்டன. நித்திரைக்கும் ஞாபகத்துக்கும் உள்ள தொடர்பை அறிந்தால் இத்தவறை நீங்கள் தவிர்க்கலாம்.

1. கற்கும்போது மூளையில் நடப்பது

மூளையிலுள்ள நரம்புக் கலங்கள் நரம்பிணைப்புகள் மூலம் ஒன்றோடொன்று தொடர்பு கொள்கின்றன. புதிய விடயமொன்றைக் கற்கும்போது சில இணைப்புகள் வலுவடைகின்றன, சில புதிதாகத் தோன்றுகின்றன. அனுபவத்துக்கேற்ப மூளை இவ்வாறு மாறும் இயல்பே அதன் நெகிழ்தன்மை எனப்படும்.

இன்று வாசித்த ஆண்டுகளும் பெயர்களும் நிலைத்த ஞாபகமாவதற்கு, மூளையின் உட்பகுதியிலுள்ள ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி முதலில் உதவுகிறது. ஆனால் புதிய ஞாபகம் உறுதியற்றது. அது மூளைய மேற்பட்டையில் படிப்படியாக நிலைபெற வேண்டும். இவ்வேலையின் பெரும் பங்கு நித்திரையில் நடைபெறுகிறது.

2. நித்திரையில் நடப்பது

நித்திரை ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக அமைகிறது. ஆழ்ந்த நித்திரை இரவின் முற்பகுதியில் அதிகம், கனவுகள் மிகும் விரைவுக் கண்ணசைவு நித்திரை விடியற்பக்கம் அதிகம்.

ஆழ்ந்த நித்திரையில் மூளை பகலிற் கற்றதை மீட்டிப் பார்க்கிறது. எலிகள் ஓரிடத்தில் நடமாடியபோது ஹிப்போகாம்பஸில் ஒன்றாக இயங்கிய கலங்கள், அவை பின்னர் உறங்கியபோதும் ஒன்றாக இயங்கியதை வில்சன், மக்நோட்டன் என்போர் 1994இல் வெளியிட்டனர். நீங்கள் கொப்பியைத் திறந்து மீட்டுவதுபோல், உங்களை அறியாமலே மூளையும் மீட்டுகிறது.

3. ஆய்வுகள் தரும் சான்றுகள்

(அ) கற்றபின் நித்திரை: 1924இல் ஜென்கின்ஸ், டலன்பாக் என்போர் பொருளற்ற அசைகளை இரு மாணவர்களுக்கு மனனமாக்கச் செய்தனர். எட்டு மணித்தியாலம் உறங்கியபின் ஏறத்தாழ அரைவாசி ஞாபகத்தில் இருந்தது. அதே நேரம் விழித்திருந்தபோது ஏறத்தாழ பத்தில் ஒன்றே மிஞ்சியது.

(ஆ) இணைப்புகளின் வளர்ச்சி: 2014இல் வெளியான ஓர் ஆய்வில், சுழலும் கோலின் மேல் ஓடச் சுண்டெலிகள் பழக்கப்பட்டன. ஒரு மணித்தியாலம் பழகி உறங்கிய சுண்டெலிகளில் நரம்பிணைப்புக்கான புதிய முளைகள் அதிகம் தோன்றின. மூன்று மணித்தியாலம் பழகியும் உறங்க விடப்படாதவற்றில் அவை குறைவாகவே தோன்றின. கூடுதல் பயிற்சி, இழந்த நித்திரையை ஈடுசெய்யவில்லை.

(இ) கற்பதற்கு முன் நித்திரை: ஓர் இரவு முழுவதும் விழித்திருந்தவர்களுக்கு மறுநாள் படங்கள் காட்டப்பட்டபோது, அவர்களது ஹிப்போகாம்பஸின் செயற்பாடு குறைந்திருந்தது, நினைவில் நின்ற படங்களும் குறைவு (2007). எனவே நித்திரை இழந்தவருக்குப் பழையது நிற்பதும் கடினம், புதியது ஏறுவதும் கடினம்.

(ஈ) உங்களைப் போன்ற மாணவர்கள்: லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் 535 மாணவர்கள் 14 நாட்கள் எழுதிய நாட்குறிப்புகள் ஆராயப்பட்டன (2013). வழமையைவிட நித்திரையைக் குறைத்துப் படித்த நாளுக்கு மறுநாள், பாடம் விளங்காமையும் சோதனையில் தடுமாற்றமும் கூடின.

4. உங்கள் நேரசூசி

• 13 முதல் 18 வயது வரையானோருக்கு 8 – 10 மணித்தியால நித்திரை பரிந்துரைக்கப்படுகிறது.
• விடியப்புறம் எழும்பிப் படிக்கும்படி வீட்டார் சொல்வார்கள். நல்லதுதான், ஆனால் 4 மணிக்கு எழும்புபவர் 8 மணிக்குப் படுக்க வேண்டும். 11 மணிக்குப் படுத்து 4 மணிக்கு எழும்பினால் கிடைப்பது 5 மணித்தியாலமே.
• தேநீர், கோப்பியிலுள்ள கஃபீனில் அரைவாசி, குடித்து ஏறத்தாழ ஐந்து மணித்தியாலத்தின் பின்னும் உடலில் இருக்கும். பின்னேரத்துக்குப் பின் சாயம் கூடிய தேநீரைத் தவிர்க்குக.
• மனனமாக்க வேண்டியவற்றை மாலையில் படித்து, படுக்குமுன் பத்து நிமிடம் பார்க்காமற் சொல்லிப் பார்க்குக. பின்னர் கைத்தொலைபேசியைப் பார்க்காமற் படுக்குக.
• முதல்நாள் இரவிலும் பாடம் முடியவில்லையா? முக்கியமான இரு அலகுகளை மட்டும் மீட்டிவிட்டுப் புத்தகத்தை மூடுக. எஞ்சியதற்காக விழித்திருந்தால், தெரிந்ததையும் இழக்க நேரிடும்.

ஞாபகத்திற் கொள்க: நித்திரை படித்ததைக் காக்கும். படிக்காததை அது கொண்டுவந்து தராது. ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகப் படித்தவருக்கே அது முழுப் பயன் தரும்.

பயிற்சி வினாக்கள்

1. மூளையின் நெகிழ்தன்மை என்றால் என்ன?
2. ஆழ்ந்த நித்திரை இரவின் எப்பகுதியில் அதிகம்?
3. 2014ஆம் ஆண்டு ஆய்விலிருந்து பரீட்சைக்குப் படிக்கும் மாணவர் அறியக்கூடியது யாது?
4. காலை 5 மணிக்கு எழும்பும் மாணவர் 8 மணித்தியாலம் உறங்குவதற்கு எத்தனை மணிக்குப் படுக்க வேண்டும்?

இவற்றுக்கு இன்றிரவே விடை எழுத வேண்டாம். பாடத்தை இன்னொரு முறை வாசித்துவிட்டு நன்றாக உறங்குங்கள். காலையில் புத்தகத்தைப் பார்க்காமல் எழுதுங்கள். எவ்வளவு நின்றிருக்கிறது என்று நீங்களே காண்பீர்கள்.